வாழைக்கன்று நட்ட இடம்

சாய்ந்து கிடந்த தென்னைகளில் ஒன்றில்கூட யானை குருத்தைத் தொட்டிருக்கவில்லை.

யானை தென்னையைத் தள்ளுவதே குருத்துக்காகத்தான். இத்தனை வருஷமாகக் காட்டு யானைகளைப் படமெடுத்துவரும் ஸ்ரீவித்யா, மரத்தைச் சாய்த்துவிட்டு வாய் வைக்காமல் போன யானையைப் பார்த்ததில்லை. இங்கே வெள்ளைக் குருத்துகள் சாரலில் ஊறிக் கிடந்தன.

கடையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது சங்கிலிப்பாண்டியின் தோப்பு. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். பட்டப்பகலிலேயே யானைகள் வருகின்றன, படத்தைக் காட்டினால்தான் வனத்துறை விரட்ட வரும் என்று காலையில் போன் செய்திருந்தார். குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த அவள் உடனே கிளம்பி வந்தாள். ஏன் தின்னவில்லை என்று கேட்டாள். அவர் அவளை மோட்டார் ரூமுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

உள்ளே கிரீஸ் வாசனையும் ஈரச்சாக்கு வாசனையும் அடித்தன. தகரக் கூரையில் சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டேயிருக்க, அதற்கெல்லாம் அடியில், காற்று திரும்பும்போது மட்டும், இனிப்பும் அழுகலும் கலந்த ஏதோ ஒன்று வந்து வந்து போனது. எலி செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வலை அடித்த ஜன்னலில் லென்ஸை வைத்தாள்.

மதியம் தாண்டியதும் மலையிலிருந்து மேகம் இறங்கித் தோப்பின் கடைசி வரிசை மரங்களை மூடியது. அந்தச் சாம்பல் நிறத்துக்குள்ளேயே இன்னொரு சாம்பல் நிறம் கெட்டிப்பட்டு, நெற்றியாகி, காதாகி, பெண் யானைகளாக வெளியே வந்தது. ஒரு சுள்ளி முறியவில்லை. ஒரு காது அசையவில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு படமெடுத்தாள்.

அவை மரங்களைப் பார்க்கவேயில்லை. வேலியோரம் புது மண்ணில் வாழைக்கன்று நட்டிருந்த இடத்தைச் சுற்றி நின்றன. காது கிழிந்த பெரிய யானை முன்னங்காலால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தது. மெதுவாக. ஜன்னல் வலை அதிர்ந்தது. காதுக்கு எதுவும் கேட்கவில்லை. நெஞ்செலும்புக்குள் மட்டும் ஏதோ உறுமியது.

வாடை இப்போது முழுசாக வந்தது.

மண்ணிலிருந்து ஒரு கால் வெளிப்பட்டது. சின்னக் கால். முழங்காலுக்கு மேலே கருகிய கோடு.

“அண்ணாச்சி, அது என்னது?”

அவர் ஜன்னலை விட்டு விலகினார்.

“பன்னிக்குத்தான் கம்பியில கரண்ட் விட்டேன் மேடம். யானக்குட்டி வந்து மாட்டிக்கிட்டு. விடிய விடிய தாய் கத்துச்சு. நான் கதவத் தெறக்கல.”

விடிந்ததும் ஜேசிபி வைத்துப் புதைத்து, மேலே வாழை நட்டதையும், அன்றிலிருந்து இவை தினமும் வருவதையும் தணிந்த குரலில் சொன்னார். சாய்ந்த மரங்கள் மட்டும் போதும், இந்தப் படங்களை அழித்துவிடுங்கள் என்றார். அவள் கேமராவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை. கூரை இடுக்கில் செருகியிருந்த வெடிக்கட்டை எடுத்தார். குட்டியை முழுசாக இழுத்துப் போடும் முன் விரட்டியாக வேண்டும், யாராவது பார்த்தால் கேஸாகிவிடும் என்றார்.

அவள் அவர் சட்டையைப் பிடித்தாள். “போகாதீங்க அண்ணாச்சி. இதுங்க திங்க வரல.”

“எந்தோப்புக்குள்ள நான் போவக்கூடாதா?” கையை உதறிவிட்டு வெளியேறினார்.

நடுத்தோப்பில் நின்று தீக்குச்சி உரசினார். ஈரத்திரி சீறி அணைந்தது. இன்னொரு குச்சி. யானைகள் நகரவில்லை. லென்ஸை அவற்றின் மேல் ஓட்டினாள்.

காது கிழிந்த யானை அங்கே இல்லை.

அவள் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், சொரசொரவென்று ஏதோ உரசிக்கொண்டு நகர்ந்தது. பூச்சு உதிர்ந்தது. பின் ஜன்னல் முழுக்கச் சாம்பல் தோல். கடந்து போனது. கத்த வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவர் குனிந்து அடுத்த குச்சியை உரசிக்கொண்டிருந்தார்.

துதிக்கை அவர் இடுப்பைச் சுற்றியது. தூக்கியது. தென்னையில் அடித்தது. மறுபடியும். முழங்கால் எதிர்ப்பக்கம் மடங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் சாரலைத் தாண்டிக் கேட்டது. அவள் விரல் ஷட்டரிலிருந்து எழவில்லை. கேமரா எடுத்துக்கொண்டேயிருந்தது.

அவரைச் சேற்றில் போட்டதும் யானைகள் தென்னை மட்டைகளை இழுத்து வந்தன. ஒவ்வொன்றாக அவர்மேல் போட்டன. கால். வயிறு. முகம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மேகத்தை நோக்கித் திரும்பின.

மட்டைக்குவியல் லேசாக எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

உயிர் இருக்கிறது.

போனை எடுத்தாள். வனவர் நம்பர், காலையில் பேசிய சங்கிலிப்பாண்டி நம்பருக்குக் கீழேயே இருந்தது. விரலெல்லாம் ஈரம். அழுத்தினாள்.

மட்டைகளுக்கு அடியில் மணி அடித்தது.

துண்டிக்கத் தடவினாள். வழுக்கியது. அதற்குள் மணி நின்றது. எடுத்துவிட்டார். போனைக் காதில் வைத்தாள். கொப்புளிக்கிற மூச்சு.

“மேடம்… வச்சிருங்க. வச்சிருங்க தாயி.”

மேகத்தின் விளிம்பில் காது கிழிந்தது நின்றுவிட்டது. திரும்பியது. ஓடவில்லை. நடந்து வந்தது. குவியலின் மேல் ஒரு காலை வைத்தது. அவசரமே இல்லாமல் கனத்தை இறக்கியது. அவள் காதுக்குள் அவர் குரல் மெலிந்து, உயர்ந்து, நின்றது.

இணைப்பு நிற்கவில்லை.

துதிக்கை மட்டைகளுக்குள் நுழைந்து துழாவியது. போனில் இப்போது வேறு மூச்சு. பெரியது. ஈரமானது. உள்ளே இழுத்தது. நிறுத்தியது. மறுபடி இழுத்தது. அவள் வாயைப் பொத்தினாள். மூக்கிலிருந்து மூச்சு சீறி, போன் வழியே அந்தப் பக்கம் போனது.

யானை தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தது.