மெயினை அணைத்த பிறகும்

செவிலிமேட்டில் அந்த வீட்டைப் பார்த்ததுமே பிரவீனாவுக்குப் பிடித்துப்போயிற்று. வாசலிலேயே குழாய், கூப்பிடு தூரத்தில் பஸ் நிறுத்தம், சாயங்காலமானால் பாலாற்றுப் பக்கமிருந்து காற்று. காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் அவளுக்கு விற்பனை வேலை. கணவன் குமரனுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு. இரண்டு பேருக்கு அது தாராளமான வீடுதான். பின்னறையைத் திறந்தபோது மட்டும் ஸ்பிரிட் வாடை அடித்தது. ஊசி போடும் முன் பஞ்சில் தொட்டுத் தடவுவார்களே, அந்த வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும் என்றான் குமரன். போகவில்லை. அறையைப் பூட்டிவிட்டார்கள்.

முதல் மின்கட்டணம் செல்போனுக்கு வந்தபோது, வேறு யாருக்கோ போகவேண்டிய செய்தி என்றுதான் பிரவீனா நினைத்தாள். மின்விசிறியும் பிரிட்ஜும் டி.வி.யும் மட்டுமே இருக்கிற வீட்டுக்கு, ஏ.சி. ஓடுகிற கடைக்கு வருவதுபோல் பில் வந்திருந்தது.

கரண்ட் ஆபீசில் புகார் கொடுத்தாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் வரவில்லை. மறுபடி போனபோது, கருட சேவைக்கு எல்லாரும் டூட்டி போயிருக்கிறார்கள் என்றார்கள். திருவிழா முடிந்து போனபோது, மீட்டரைச் சோதிக்கிற கருவி வேறு ஊருக்குப் போயிருந்தது.

"மொதல்ல கட்டிடுங்கம்மா, அப்புறம் கழிச்சுக்கலாம்" என்ற ஆள் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குமரன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

"இங்க வந்து பாரு."

மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"எவனோ நம்ம லைன்லேர்ந்து இழுத்துக்கினு இருக்கான்."

மின்விசிறிகள் நின்றுபோன வீட்டில், இத்தனை நாள் பிரவீனாவின் காதில் விழாத ஒன்று இப்போது விழுந்தது.

புஸ்ஸ்...

பூட்டிய பின்னறைக்குள்ளிருந்து ஒரு மூச்சு.

நீண்ட இடைவெளி.

மறுபடி ஒரு மூச்சு.

குமரன் பூட்டைத் திறந்தான். அறை வெறுமையாக இருந்தது. சுவரில் கறுத்துப்போன ஒரு பிளக் பாயிண்ட், அதில் எதுவும் செருகியிருக்கவில்லை. தொட்டவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். அது கொதித்தது.

அடுத்த பில் முந்தியதைவிடக் கூடுதலாக வந்தது. கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பதாகவும் சொன்னார்கள். அதைப் பிரவீனா எதிர்வீட்டுக் கலாவதியிடம் சொல்லிப் புலம்பியபோது, பூ கட்டிக்கொண்டிருந்த அவள் கைகள் நின்றன.

"லைன வெட்ட வருவாங்களாமா?"

"ஆமாக்கா."

"வெட்ட வுடாதம்மா." கலாவதி குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு முன்ன அந்த வூட்ல நீலாம்பாள்னு ஒருத்தங்க தனியா இருந்தாங்க. நுரையீரல் கெட்டுப்போச்சு. மூக்குல குழாய வச்சிக்கினு எந்நேரமும் மெஷின்லதான் மூச்சு. அவங்களுக்கும் இப்படித்தான் தப்பா பில்லு வந்துச்சு. குழாயக் கழட்டி வச்சிட்டு, வழியெல்லாம் நின்னு நின்னு மூச்சு வாங்கிக்கினு ஆபீசுக்குப் போவாங்க. பாக்கறோம் பாக்கறோம்னே சொல்லிக்கினு இருந்தாங்க. அப்புறம் ஒருநாள் வந்து வெட்டிட்டானுங்க. உள்ள மெஷின் ஓடறதை எவன் கேட்டான்? நான் போய்ப் பார்க்கறப்போ, அந்தம்மா கை பிளக்கைப் புடிச்சபடியே இருந்துச்சு."

குமரனிடம் பிரவீனா இதைச் சொன்னாள். "கரண்ட்ட மனுசந்தான் திருடுவான், பேயா திருடும்?" என்றான். ஆனால் அவன் சிரிக்கவில்லை.

ஒருவழியாக ஒரு சாயங்காலம், குமரனும் வீட்டிலிருந்தபோது, வயர்மேன் வீரபத்திரன் வந்தார். நீலாம்பாளின் மெஷினைப் பற்றிப் பிரவீனா சொன்னதைக் கேட்டுக்கொண்டே தேடியவர், மீட்டரைத் தாண்டி மெயினுக்கு முன்பாகவே ஒரு வயர் பிரிந்து பின்னறைக்குப் போவதைக் கண்டுபிடித்தார்.

"மெஷின் நிக்கக் கூடாதுன்னு நேரா இழுத்திருக்காங்க. அந்த முனைல ஒண்ணுமே இல்லியே, எப்படி ஓடுது? சொவரு ஈரமா இருக்கும்."

"அண்ணா, அத வெட்டாதீங்க."

"கோளாறே இதாம்மா."

வெட்டினார். சிவப்பு விளக்கு நின்றது. பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

உள்ளே சொம்பு உருளும் சத்தம் கேட்டது.

குமரன் தரையில் கிடந்தான். ஒருநாள்கூட இருமிப் படுத்தறியாத உடம்பு அது. இப்போது வாய் திறந்து திறந்து மூடியது, காற்று உள்ளே போகவில்லை. உதடுகள் நீலம் பாரித்தன. மூக்கிலிருந்து இரண்டு காதுகள் வரைக்கும், குழாய் அழுந்தியதுபோல் சிவந்த கோடு.

பிரவீனாவின் அலறல் கேட்டு வீரபத்திரன் ஓடிவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

குமரனின் வாயிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"நாந்தான் சொன்னேனே... பில்லு தப்புன்னு..."

"அண்ணா, சேருங்க! அந்த வயரச் சேருங்க!"

வீரபத்திரன் மீட்டரிடம் பாய்ந்தார். எப்படியோ இரண்டு முனைகளையும் முறுக்கிச் சேர்த்தார். பின்னறையில் புஸ்ஸென்று ஒரு மூச்சு எழுந்தது. அதே கணம் குமரனின் நெஞ்சு விம்மித் தணிந்தது.

வீரபத்திரன் ஆபீசில் என்ன சொன்னாரோ தெரியாது. அந்த வாரமே புது மீட்டர் வந்தது. பழைய கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். அந்த வயரை யாரும் தொடவில்லை. பின்னறையில் மூச்சு ஓடிக்கொண்டேயிருந்தும் புது மீட்டர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் அங்கே இருக்கமுடியாது என்று இருவரும் வேறு வீடு தேடினார்கள்.

கிடைப்பதற்குள் ஒரு சாயங்காலம் இடியோடு மழை பிடித்தது. தெரு முழுக்கக் கரண்ட் போனது. குமரன் வேலைக்குப் போயிருந்தான். கூடத்து இருட்டில் பிரவீனா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

புஸ்ஸ்...

புஸ்...

நின்றுபோயிற்று.

கொஞ்ச நேரத்தில், பூட்டிய கதவை உள்ளிருந்து விரல்கள் தடவின. தட்டவில்லை. விழப்போகிறவர் பிடிமானம் தேடுவதுபோல் தடவின.

ஓடத்தான் நினைத்தாள். கால் வாசல்வரை போனது. ஆனால் அந்தத் தடவல் சோர்ந்து சோர்ந்து கீழே இறங்குவதைக் கேட்க முடியவில்லை. திரும்பி வந்து கதவருகில் குனிந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா. இப்ப வந்துடும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நீலாம்பாளிடம் ஆபீசிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். முகத்தில் ஈரமான குளிர் மோதியது. இருட்டு. யாருமில்லை.

மழை விட்டதும் கரண்ட் வந்தது. மின்விசிறிகள் சுழன்றன. பின்னறையில் மட்டும் எந்தச் சத்தமும் இல்லை.

காலையில் ஷிப்டு முடிந்து வந்த குமரன், திறந்து கிடந்த பின்னறையைப் பார்த்தான். ஸ்பிரிட் வாடை இல்லை. பிளக் பாயிண்ட்டைத் தொட்டான். அது குளிர்ந்து கிடந்தது. நீலாம்பாள் போய்விட்டாள் என்று நினைத்தான். அவனுக்கு அழுகை வரும்போலிருந்தது.

கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிரவீனாவை எழுப்பிச் சொல்லக் குனிந்தான்.

அவள் மூச்சை இழுத்தாள். விட்டாள்.

அடுத்த மூச்சை அவள் இழுப்பதற்குள், நெஞ்சு அசையாமலே, அவளுக்குள்ளேயிருந்து இன்னொரு மூச்சு மெதுவாக வெளியே வந்தது.