ஏழு, நீங்க போகலாம்

ஆறுக்குப் பிறகு எட்டு என்று கூப்பிட வேண்டியவள், ஏழு என்று கூப்பிட்டுவிட்டாள்.

சொன்ன கணமே மைக் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். நாற்பது நாட்களாக அந்த எண் எந்த ரோந்து வண்டிக்கும் கிடையாது. படிக்கட்டில் உடைந்த படியைத் தாண்டுவதுபோல, ஒவ்வொரு வருகை அழைப்பிலும் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தாள். இன்று மதியம் மூன்று மணிக்கு நாக்கு தவறிவிட்டது.

ஒலிபெருக்கியில் லேசான இரைச்சல். பிறகு, டக் டக்.

"கண்ட்ரோல், எட்டு," என்றார் எட்டாம் வண்டிக்காரர், தாமதமாக. "ஏழு பேசி முடிக்கட்டும்னு இருந்தேன். ஓவர்."

"ஏழுன்னு யாரும் இல்ல, எட்டு. ஓவர்."

"பட்டன் சத்தம் கேட்டுச்சே... சரி, ரிசீவ்டு."

ஜன்னல் இல்லாத போலீஸ் கண்ட்ரோல் அறை அது. வெளியே மழை பெய்வது, வருகிறவர்களின் செருப்புச் சத்தத்திலும், ஏ.சி. குழாய் வழியாக இறங்கும் ஈரச் சுவரின் வாசனையிலும், வண்டிகளிலிருந்து பேசுகிறவர்களின் குரலுக்குப் பின்னால் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும் வைப்பரின் முனகலிலும்தான் தெரியும். அவளுக்கு அந்த அறை பிடிக்கும். அங்கே யாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

பக்கத்து மேஜையில் வயர்லெஸ் பெட்டி ஒன்றைப் பிரித்து வைத்திருந்த மெக்கானிக் நிமிர்ந்தார். எல்லாருக்கும் அவர் ஃபியூஸ் அண்ணன்.

"என்னம்மா, எண்ணிக்கை மறந்து போச்சா? காலேஜ்ல கணக்குதானே படிச்சே?"

"இயற்பியல், அண்ணே."

"அதான் பாத்தேன்."

டக் டக்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "எவனோ பட்டன் மேல உக்காந்திருக்கான். எல்லாரையும் கையை எடுக்கச் சொல்லு."

சொன்னாள். எல்லா வண்டிகளும் ஒவ்வொன்றாக, கையை எடுத்துவிட்டோம் என்றன. சேனல் அமைதியானது. அந்த அமைதிக்குள், டக் டக்.

"மழையில எல்லாப் பட்டனும் தும்மும்மா. மாடியில ஆன்டெனா வயரைப் பாத்துட்டு வரேன்." குடையைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அது தும்மல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஏழாம் வண்டியை ஓட்டியது அவள் தம்பி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சேனலிலேயே, "அக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டான். ஊர் முழுக்க எல்லா வண்டிகளிலும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். "சேனல்ல அக்கா தம்பி கிடையாது. நீ ஏழு, நான் கண்ட்ரோல். அவ்வளவுதான்." அவன் காதைப் பிடித்துக்கொண்டு, "உத்தரவு மேடம்," என்றான். அதன் பிறகு சேனலில் ஒரு வார்த்தை மிகையாகப் பேசியதில்லை. ஆனால் பேசி முடித்ததும் பட்டனை இரண்டு தடவை தட்டுவான். அக்கா என்று அர்த்தம். அவளுக்கு மட்டும் தெரியும்.

நாற்பது நாட்களுக்கு முன் ஒரு காலையில் அந்தத் தட்டல் நிற்கவே இல்லை. டக் டக். டக் டக். அவள் நாற்காலிக்குப் பின்னால் உயரதிகாரி நின்றிருந்தார். "யாரும்மா அது? சேனல்ல ஒழுங்குன்னு ஒண்ணு கிடையாதா?"

அவளுக்குக் காது மடல் எரிந்தது. "ஏழு, விளையாட்டை நிறுத்துங்க. கண்ட்ரோல் கூப்பிடுற வரைக்கும் பட்டனை அழுத்தக் கூடாது. ஓவர்."

உடனே நின்றது.

வண்டி கால்வாயில் கவிழ்ந்து கிடந்ததை மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள். ஸ்டியரிங் தொண்டையை நசுக்கியிருந்தது. பேச முடிந்திருக்காது, அதற்குப் பிறகும் ஒரு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அவன் கட்டைவிரல் மைக் பட்டனின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தான்.

கண்ட்ரோல் கூப்பிடுவதற்காக.

இன்றைக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

டக் டக். இப்போது தட்டலுக்கு இடையில் வேறொன்றும் கேட்டது. தண்ணீர். தகரத்தின் உள்பக்கத்தில் அது மெல்ல மோதித் திரும்பும் சத்தம்.

பணியில் இருக்கும் வண்டியைக் கண்ட்ரோல்தான் விடுவிக்க வேண்டும். அதுதான் விதி. அவனை யாரும் விடுவிக்கவில்லை. அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு..." பட்டனை மறுபடி அழுத்தினாள். "ஏழு, பணி முடிஞ்சுது. நீங்க போகலாம். வீட்டுக்குப் போடா, தம்பி."

டக் டக்.

பிறகு இரைச்சல்கூட இல்லை. மேஜையில் தலை கவிழ்த்து, நாற்பது நாட்களில் முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள். லாக் புத்தகத்தில் நேரம் எழுதினாள்: 3.12.

3.22க்குத் தொலைபேசி அடித்தது. தம்பியின் மனைவி.

"அண்ணி, யாரையாவது வீட்டுக்கு அனுப்பினீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"காலிங் பெல் ரெண்டு ரெண்டு தடவையா அடிச்சுக்கிட்டே இருக்கு. பாத்தா ஆள் இல்ல. கதவுக்கு அடியில தண்ணி வருது அண்ணி, ஒரே சேத்து நாத்தம். பாப்பா அப்பா வந்துட்டாருன்னு குதிக்கிறா."

கால்வாயிலிருந்து வீட்டுக்கு வண்டியில் பத்து நிமிடம்.

"கதவைத் திறக்காதே."

"நான் எங்க திறக்கிறேன்? இவதான்... ஏய், தாழ்ப்பாளை விடுடி! பாப்பா!"

ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு மைக்கை இழுத்தாள். அவன் சொன்னதைக் கேட்பான். எப்போதும் கேட்டிருக்கிறான்.

"ஏழு, கண்ட்ரோல். வீட்டுக்குள்ள போகாதீங்க. உத்தரவு மாறுது." வேறு எங்கே அனுப்புவது? திரும்பவும் அந்தத் தண்ணீருக்கா? "கண்ட்ரோலுக்கு வாங்க. வழியில சொல்லிக்கிட்டே வரணும். ஓவர்."

ரிசீவரில் பெல் இன்னும் இரண்டு தடவை அடித்தது.

டக் டக்.

ரிசீவரில் மூச்சு வாங்கியது. "பெல் நின்னுடுச்சு அண்ணி. தண்ணியும் வடியுது." பிறகு, மிகச் சன்னமாக: "பாப்பா ஜன்னல்ல நின்னு டாட்டா காட்டுறா."

"கதவைப் பூட்டிக்கோ," என்று சொல்லி அவள் ரிசீவரை வைத்தாள்.

3.26. டக் டக். வரும் வழியை மனதுக்குள் கணக்கிட்டாள்: ரயில்வே கேட்.

எட்டாம் வண்டிக்காரர் ஏதோ கேட்டார். அவள் லாக் புத்தகத்தை அருகில் இழுத்துக்கொண்டாள்.

3.29. டக் டக். பெட்ரோல் பங்க். தண்ணீர்ச் சத்தம் கூடியிருந்தது. ஒவ்வொன்றையும் லாக் புத்தகத்தில் எழுதினாள். கையெழுத்து கோணவில்லை.

3.31. அலுவலகத்துப் பெரிய வாசல்.

ஏ.சி. குழாயில் சேற்று வாடை. நடைபாதையில் செருப்புச் சத்தம் இல்லை. ஈரத் துணி தரையில் இழுபடும் சத்தம். நெருங்கியது. நின்றது.

டக் டக்.

இந்தத் தடவை அது ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை.

அவள் திரும்பினாள். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்லப் பரவி நாற்காலிக் காலைத் தொட்டது. கைப்பிடி கீழே இறங்கியது. பாதி வரை.

அங்கேயே நின்றது. அவள் அனுமதிக்காக.