பின்சீட்டுக்கு எடுத்த அளவு

முன்சீட் இன்றைக்கும் பின்னால் போயிருந்தது.

உட்கார்ந்து காலை நீட்டினால் எதிலும் முட்டவில்லை. அவள் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, இரும்புப் பிடியைத் தூக்கி, டக், டக், டக் என்று மூன்று பல் முன்னால் இழுத்துக்கொண்டாள். நேற்றும் இப்படித்தான் இழுத்து வைத்தாள். முந்தாநாளும்.

"என்னங்க, இதுல யாராவது உட்கார்ந்தாங்களா?"

"யாரு உட்காரப் போறா?" கணவன் சாவியைத் திருகினான். "பழைய வண்டி. பிடி தேஞ்சு போயிருக்கும். பிரேக் போட்டா தானா நழுவும்."

பிரேக் போட்டால் முன்னால்தானே நழுவ வேண்டும்? கேட்க வாயெடுத்தவள் விழுங்கிக்கொண்டாள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அவன் முகம் இரண்டு நாளைக்குத் தூக்கியபடியே இருக்கும்.

கரும்பச்சை நிறத்தில், கித்தான் கூரையை மடக்கித் திறக்கிற இரண்டு சீட் வண்டி. அவர்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. தெருவில் போனால் நின்று பார்ப்பார்கள், சிலர் படம் எடுப்பார்கள், அவன் தலை லேசாக நிமிரும். அவளுடைய சீட்டின் தோல் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகியிருந்தது. ஆனால் அது அவள் உட்கார்ந்த பள்ளமில்லை. நீளமான தொடைகளுக்கான பள்ளம். சாய்மானத்தில் தலை பட்டுக் கறுத்திருந்த இடம் அவள் உச்சிக்கு மேலே இருந்தது. வெயில் ஏறினால் தோலிலிருந்து கிராம்பு வாசனை வரும். அவள் கிராம்பு மெல்லுகிறவள் இல்லை.

மூத்தவள் நல்ல உயரம், எந்நேரமும் வாயில் கிராம்பு இருக்கும் என்று நாத்தனார் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்ததை இவள் மறக்கவில்லை. மூத்தவள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டாம் தாரமாக வந்த புதிதில், அது தனக்குக் கொடுத்த மரியாதை என்று இவள் பூரித்துப்போனாள். படம் எதற்கு, வண்டிதான் இருக்கிறதே என்று புரியக் கொஞ்ச நாள் பிடித்தது.

குழந்தைப் பேச்சை எடுத்தால் அவனுக்கு ஒரே பதில்தான். "ரெண்டு சீட் வண்டி. எங்க உட்கார வைக்கிறது?" சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். கல்யாணமான நாளிலிருந்து இதே சிரிப்பு. அவளுக்குப் புளித்துப்போயிருந்தது.

அதனால்தான் அன்றைக்குச் சாப்பிடும்போது அவன் சொன்னதை அவளால் நம்ப முடியவில்லை.

"வண்டிக்குப் பின்சீட் போடலாம்னு இருக்கேன்."

"நிஜமாவா?"

"இன்னொரு ஆளுக்கு இடம் வேணும்ல?"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாள் தள்ளிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் உறுதியும் செய்துவிட்டார்கள். எப்படிச் சொல்வது, என்ன சொல்வானோ என்று பயந்து அதை நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள். இப்போது அவனே இடம் கேட்கிறான். சீட் தயாராகட்டும், வண்டியில் வைத்தே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். அந்தச் சந்தோஷத்தில், துவைக்கப் போட்ட தன்னுடைய சாம்பல் நிறப் பேன்ட் காணாமல் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு மதிய இடைவேளையில் ஆபீஸிலிருந்து நேராக, அவன் வண்டியை விட்டிருந்த சீட் தைக்கிற கடைக்குப் போனாள். பசை நாற்றம், மூக்கை அரிக்கும் ஸ்பாஞ்ச் தூள், ஓரத்தில் தையல் மெஷின் ஒன்றின் கடகட. கூரை திறந்து கிடந்த வண்டியில் முன்சீட்டுகளுக்குப் பின்னால், முன்பு பெட்டி வைக்கிற பலகை இருந்த இடத்தில், புதுச் சீட் இருந்தது.

அதில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

இடுப்புக்கு மேலே ஆளில்லை. இடுப்பும் இரண்டு கால்களும் மட்டும், முட்டி மடங்கி, ஒடுங்கிக்கொண்டு. சாம்பல் நிறப் பேன்ட்.

"பயந்துட்டீங்களா மேடம்?" கடைக்காரர் ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு எழுந்து வந்தார். "துணி அடைச்சு வச்சிருக்கேன். உட்காரப் போற ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னு சார்கிட்ட சொன்னேன். அவளுக்குத் தெரிய வேணாம்னாரு. அப்ப அவங்க பேன்ட் ஒண்ணாவது கொடுங்கன்னு வாங்கிக்கிட்டேன். எப்பவும் இப்படித்தான் செய்வேன், அளவு ஒரு விரல் பிசகாது."

"இது... குழந்தைக்குப் போடுற சீட் இல்லையா?"

அவர் முழித்தார். "குழந்தையா? சார் ஒண்ணும் சொல்லலையே." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சமாளித்தார். "கைக்குழந்தைன்னா நீங்கதானே மடியில வச்சுக்கணும்? அதுக்குத்தான் உங்க அளவைக் கொடுத்திருப்பாரு."

ஆமாம். அப்படித்தான் இருக்கும். அவள் அந்தப் பதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதைத் தவிர அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

கிளம்பும்போது கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், அந்த முன்சீட்டைத் தொடக்கூடாதுன்னு சார் கண்டிப்பா சொல்லிட்டாரு. நான் பிரிக்கல. வேலை செய்ய இடம் வேணும்னு முன்னாடி தள்ளி மட்டும் வைப்பேன். காலையில வந்து கடையைத் திறந்தா, பின்னாடி வந்து புதுச் சீட்டை இடிச்சுக்கிட்டு நிக்குது. பூட்டின கடை மேடம்."

இங்கே யார் பிரேக் போட்டது? அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி வாசலில் நின்றது. மேகம் கறுத்து, காற்று நின்று, பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகைகூடச் சத்தமில்லாமல் கிடந்தது. கணவன் மழமழவென்று சவரம் செய்திருந்தான். கல்யாணத்தன்று போட்ட சட்டையைவிட நல்ல சட்டை. முன்சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏறு" என்றான்.

"நான் முன்னாடியே உட்கார்றேனே..."

"உனக்காகத்தான் செஞ்சது. ஒருதரம் உட்கார்ந்து பாரு."

எத்தனை காலம் ஆகிவிட்டது அவன் இவ்வளவு இதமாகப் பேசி. அவள் குனிந்து ஏறி, முட்டியை மடக்கிப் பின்னால் உட்கார்ந்தாள். சீட் அவளை வாங்கிக்கொண்டது. இடுப்புக்கு இடுப்பு, தொடைக்குத் தொடை. எந்தப் பக்கமும் அசைய ஒரு விரல் இடம் இல்லை.

அவன் முன்சீட்டை நிமிர்த்தினான். கித்தான் கூரையை இழுத்து மூடி, இரண்டு கொக்கிகளையும் மாட்டினான். "மழை வரும்" என்றான்.

உள்ளே இருட்டியது. பின்னால் கையகல பிளாஸ்டிக் ஜன்னல், அதுவும் மங்கல். அவள் பக்கம் கதவு இல்லை. முன்சீட்டில் இருப்பவர் இறங்கினால்தான் அவள் இறங்க முடியும்.

முன்சீட்டில் யாரும் இல்லை.

அவன் இன்னும் வண்டியில் ஏறவில்லை. முன்சீட்டுப் பக்கக் கதவை அகலமாகத் திறந்து பிடித்தபடி, ஒதுங்கி நின்றான். ஒரு நிமிடம் போலக் காத்திருந்தான். பிறகு கதவை மெதுவாக, மிக மெதுவாகச் சாத்தினான். அவளுக்கு ஒருநாளும் அவன் கதவு திறந்துவிட்டதில்லை.

கிராம்பு வாசனை.

தோல் முனகியது. அவள் கண்ணெதிரே சாய்மானம் பின்னால் அழுந்தி வளைந்தது. தையல்கள் விரிந்தன.

அவன் சுற்றி வந்து ஏறினான். "வசதியா இருக்கா?"

"ரொம்ப இறுக்கமா இருக்குங்க..."

அவன் திரும்பவில்லை. அவன் கேட்டது அவளை இல்லை.

டக்.

சீட் ஒரு பல் பின்னால் வந்தது. முட்டியில் இடித்தது.

"என்னங்க! சீட்டு வருது!"

டக்.

சாய்மானம் முட்டிகளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து வயிற்றைத் தொட்டது. அவள் தள்ளினாள். எதிர்ப்பக்கம் கனமாக இருந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டு அந்த இரும்புப் பிடியைத் தேடினாள். கிடைத்தது.

பிடியின் மேல் ஏற்கெனவே விரல்கள் இருந்தன. நீளமான விரல்கள். ஈரமாக.

கையை உருவிக்கொண்டாள். சத்தம் போட்டாள். கித்தான் மேல் மழை விழ ஆரம்பித்திருந்தது.

"நான் முழுகாம இருக்கேங்க! கேட்குதா? நம்ம குழந்தை!"

அவன் கண்கள் கண்ணாடியில் அவளைப் பார்த்தன. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் முகம் தளர்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் மெல்லப் பக்கத்துச் சீட்டைப் பார்த்தான், அனுமதி கேட்கிறவன் மாதிரி.

மூன்றாவது பல் பாக்கி இருந்தது.

டக்.