இருபது நிமிடத் தூக்கம்

அலாரம் அடித்து எழுந்தபோது செண்பகவல்லியின் உள்ளங்கையில் பவுடர் மணந்தது.

கணவன் லிங்கராஜின் முதுகுக்குப் போடுகிற பவுடர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஹாலில் பாயை விரித்துப் படுத்தாள். நன்றாக நினைவிருந்தது. அவனைத் திருப்பிப் போட அறைக்குள் போனவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலைப் பார்க்கும்படி அவள் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தவன், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். முதுகுக்கு அணைகொடுத்த தலையணையும் பக்கம் மாறியிருந்தது.

"யாருங்க வந்தா?"

"இப்பந்தான திருப்பிப் போட்டுட்டுப் போன," என்றான் அவன், சுவரைப் பார்த்தபடியே. "கூப்பிடக் கூப்பிடப் பேசாமப் போறியே, என்ன கோவமோன்னு நெனச்சேன்."

அவள் உள்ளங்கையை மறுபடி முகர்ந்து பார்த்தாள். காபி போடப் போனாள்.

கல்யாணமான கையோடு சங்கரன்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்தவர்கள். கழக்கூட்டம் என்கிற பகுதியில் ஹைவேயை ஒட்டிய சந்தில் ஒரு வீட்டின் மாடி. அவன் அடுக்குமாடிக் கட்டிடங்களுக்கு வெளிச்சுவர் பெயின்ட் அடிப்பவன். மழை தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் சாரம் சரிந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் படுக்கைப்புண் வரும், அதுவே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்படியும் வந்துவிட்டது. வால் எலும்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு. அவளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலை. எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. அவன் வீட்டில் உதவிக்கு ஆள் இல்லை. அவள் வீட்டில், இந்தக் கல்யாணத்தோடு மகளே இல்லையென்று தலைமுழுகிவிட்டார்கள். அவளுக்குத் தூக்கமே இல்லாமல் போயிற்று.

கூட வேலை பார்க்கும் நீதுதான் போனில் தன் மலையாளத் தமிழில் அந்த யோசனையைச் சொன்னாள்.

"ஒறக்கத்த துண்டு துண்டா ஆக்கிக்கோ சேச்சி. நாலு மணி நேரத்துக்கு ஒருக்க இருபது நிமிஷம். அவ்வளவே வேண்டியுள்ளு. முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். பின்னே சரீரம் தானே படிச்சிக்கும்."

முதல் வாரம் கண்ணில் மணல் கொட்டினதுபோல் இருந்தது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. கொளுத்துகிற வெயிலிலும் விரல் நுனிகள் ஐஸாகக் கிடந்தன. ஒருநாள் அடுப்படியில் நின்றபடியே, வாயில் இட்லியோடு தூங்கிப்போனாள். அப்புறம் ஏதோ ஒன்று பிடி விட்டாற்போல் உடம்பு லேசாயிற்று. கண்ணை மூடினால் அந்த நொடியே கனவு. அலாரம் அடித்தால் அந்த நொடியே விழிப்பு. ஹைவேயில் போகிற லாரிகளை ஓசையை வைத்தே தனித்தனியாகச் சொல்ல முடிந்தது. தரை ஓடுகளுக்கு அடியில் தண்ணீர் நடக்கிற சத்தம்கூடக் கேட்டது. சுவர்கள் மட்டும் ஓரங்களில் மெல்லப் புடைத்து அடங்கின, மூச்சு விடுவதுபோல.

பவுடர் மணந்த அந்த நாளுக்குப் பிறகு அது வழக்கமாயிற்று. படுத்து எழுந்தால் அவன் கட்டிலில் மாட்டிய சிறுநீர்ப் பை காலியாகியிருக்கும். புண்ணுக்குப் புதுக் கட்டுப் போட்டிருக்கும். துணி துவைத்துக் கொடியில் காயும். தூக்கத்தில் நடக்கிற வியாதி என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் புண் ஆறிக்கொண்டு வந்தது. ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். அதைப் பார்த்த அன்று அவனிடம் சிரித்துச் சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். உடம்பே, இதை விட்டுவிடாதே, என்ன வேண்டுமோ எடுத்துக்கொள், இதை மட்டும் செய்துகொண்டிரு என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் மாடிப்படியில் ஜெஸி நின்றாள். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா. முகமெல்லாம் சிரிப்பு.

"செண்பகம், எனிக்கு எத்தற சந்தோஷம்! சேட்டன் எழும்பி நிக்கறாரே!"

"யாரு?"

"ஜன்னல்ல வச்சு ரெண்டு மூணு தடவ கண்டேனே. இன்னைக்கு உச்சி நேரத்துலயும் நின்னாரு. நீ பின்னால பிடிச்சிட்டு நின்னே இல்லே? கை காட்டினேன். அவரு காட்டல்ல."

செண்பகவல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். லிங்கராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கள எழுப்பி நிறுத்துதேனா?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். 

"சொல்லுங்க."

"கக்கத்துக்குள்ள கையக் குடுத்துத் தூக்குத. பிள்ளையத் தூக்குத மாதிரி. ஜன்னல்கிட்ட நிறுத்தி வச்சிக்கிட்டே நிக்க." அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நீதான்னு எனக்குத் தெரியும்டி. ஆனா பின்னாலயே நிக்க, மூஞ்சி பாக்க முடியல. மூச்சு விடுத சத்தமே கேக்க மாட்டேங்கு. ஏட்டி... வேண்டாம்டி. விழுந்தா செத்துருவேன்."

"முன்னாலயே ஏன் சொல்லல?"

"நீ அன்னைக்கித்தான சிரிச்ச. புண்ணு ஆறுதுன்னு."

அவன் கையை உயர்த்திப் பார்த்தாள். அக்குளில் நான்கு விரல் தடங்கள், ஊதா நிறத்தில். தன் விரல்களை அவற்றின் மேல் வைத்தாள். அளவாகப் பொருந்தின. எழுபது கிலோ உடம்பு. திருப்பிப் போடுவதற்கே அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

அன்றிலிருந்து தூங்கக் கூடாதென்று தீர்மானித்தாள். நெற்றியில் ஐஸ் வைத்தாள். கையைக் கிள்ளிக் கிள்ளி ரத்தம் கட்டிப்போயிற்று. பலனில்லை. திரையில் ஒரு வரியைப் படித்து அடுத்த வரிக்கு வருவதற்குள் கடிகாரம் அரைமணி ஓடியிருந்தது. அப்போது உள்ளே லிங்கராஜ் அலறினான். ஓடினாள். படுக்கை ஓரத்தில் அவன் உட்கார வைக்கப்பட்டிருந்தான், கால்கள் தரையைத் தொட.

மறுநாள் ஜெஸி கொல்லத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். செண்பகவல்லி நீதுவுக்குப் போன் செய்தாள். "உடனே வா. ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும். பக்கத்துல ஆள் வேணும்."

"ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும் சேச்சி. நேரா அங்கதான்."

மணி மூன்று. மழை இருட்டிக்கொண்டு வந்தது. கண்கள் தாமாகவே சொருகின. இனி தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. துப்பட்டாவை எடுத்துக்கொண்டு அவன் அறை வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, ஹால் ஜன்னல் கம்பியில கையக் கட்டிக்கிடுதேன். எந்திரிக்க முடியாது. பயப்படாதீங்க."

"இறுக்கிக் கட்டு," என்றான்.

இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றி, பல்லால் இழுத்து, கம்பியில் முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டாள். பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். மழை வாசனை வந்தது. லாரி ஒன்று போயிற்று. அதன் ஓசை தேய்ந்து முடிவதற்குள் தூங்கிப்போனாள்.

அலாரம் அடிக்கவில்லை. ஆனால் விழித்துக்கொண்டாள்.

முதலில் கைகளைப் பார்த்தாள். கட்டு அப்படியே இருந்தது. ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை. நெஞ்சு ஆறி, பெருமூச்சு வந்தது.

அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது.

"என்னங்க?"

அறைப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

தரையில் ஏதோ இழுபடுகிற சத்தம். நின்றது. மறுபடியும். ஈரத்துணியை இழுப்பதுபோல. கொஞ்சம் கொஞ்சமாக. பக்கத்தில்.

இழுத்தாள். முடிச்சு இறுகியது. பல்லால் கடித்தாள். ஈறில் ரத்தம். முடிச்சு அசையவில்லை.

அறை வாசலில் லிங்கராஜ் நின்றான்.

நின்றான். கால்விரல்கள் மடங்கித் தரையில் தேய்ந்தன. தலை தோளில் சரிந்திருந்தது. வாய் திறந்திருந்தது. கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. இமைத்தன. மறுபடி இமைத்தன. அக்குள்களின் வழியே இரண்டு கைகள் வந்து அவன் மார்பில் கோத்திருந்தன. அவளுக்கு அந்தக் கைகளைத் தெரியும். அவற்றைத்தான் அவள் துப்பட்டாவில் கட்டி வைத்திருந்தாள்.

அவன் வலதுகால் உயர்ந்து முன்னால் வந்து பதிந்தது. பிறகு இடதுகால்.

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து கூந்தல் கலைந்த ஒரு முகம் மெதுவாக வெளியே வந்து, அவன் கழுத்தில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டது. அவளுடைய முகம். கண்களை மூடி, வாயோரம் எச்சில் வழிய, குழந்தைபோல ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.