நாற்பத்தொன்றாவது நொடி

நாற்பது நொடியில் முடிய வேண்டிய ஷாட், நாற்பத்தொன்றாவது நொடியும் ஓடியது.

ஒரே ஒரு நொடிதான். வேறு யாராவது என்றால் கண்டுகொண்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் டைரக்டர் அந்த ஷாட்டை எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து வெட்ட வைத்தவன்; நாற்பதுக்கு மேல் ஒரு துளி மிஞ்சக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவன். பட்டப்பகலில், வெளிச் சத்தம் எதுவும் நுழையாத அந்த டப்பிங் தியேட்டரில், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். சவுண்ட் இன்ஜினியரைச் சாப்பிட அனுப்பியிருந்தான். இந்த ஷாட்டை நாலு பேர் உற்றுப் பார்ப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை.

செத்துப்போன காதலி ஏரிக்கு அடியிலிருந்து காதலனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவன் கனவிலெல்லாம் தண்ணீர் புகுகிறது. இதுதான் படம். காதலியாக நடித்தது டைரக்டரின் மனைவி. இந்த ஷாட்டில்தான் அவள் உண்மையிலேயே செத்துப்போனாள். விபத்து என்று ஊரே அழுதது. அவனும் பேட்டிக்குப் பேட்டி மூக்கைச் சிந்தினான், படத்துக்கு நல்ல விளம்பரம்.

மிதந்து மேலே வராமலிருக்க அவள் இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கட்டியிருந்தார்கள். "மூச்சு முட்டினா கையைத் தூக்குறேன். உடனே கட் சொல்லிடுங்க, டைரக்டரே" என்றாள் அவள். டைரக்டரே என்று கேலியாகக் கூப்பிடுவது அவள் மட்டும்தான். ஆட்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றவன், யாரிடமும் சொல்லவில்லை. படம் முடிந்ததும் உங்களைவிட்டுப் போகிறேன் என்று முந்தின நாள்தான் அவள் சொல்லியிருந்தாள். கை மேலே வந்தது. என்னமாய் நடிக்கிறாள் என்று எல்லோரும் வாய்பிளந்து நின்றார்கள். அசிஸ்டென்ட் மட்டும், "கட் சொல்லலாமா சார்?" என்று கேட்டான்.

"ஓடட்டும்," என்றான் டைரக்டர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திரைக்கு எதிரே, செத்தவளுக்குக் குரல் கொடுக்க வந்த பெண் மைக்கை நெருங்கினாள். "சார், கடைசில உதடு அசையுது. பேப்பர்ல வசனமே இல்லையே?"

"அசையலம்மா. நீ மூச்சு மட்டும் குடு, போதும்."

"இல்ல சார், அசையுது. பத்து வருஷமா உதட்டைப் பாத்துத்தான் பொழப்பு நடத்துறேன்."

மறுபடி ஓட்டினான். பச்சைத் தண்ணீர், விரிந்து அலையும் கூந்தல், மூடாத கண்கள். நாற்பது. ஐம்பது. வெட்டி எறிந்த இடத்தையும் தாண்டிப் படம் போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்தோ பாசி நாற்றம் கிளம்பி ஏசிக் காற்றோடு கலந்து வந்தது. காலுக்குக் கீழே கார்ப்பெட் சதசதத்தது. திரையில் மெல்ல, மிக மெல்ல, ஒரு கை மேலே எழுந்தது.

உதடுகள் பிரிந்தன. குரல் கொடுப்பவள் கண்ணை இமைக்காமல், அதே அசைவுக்குச் சரியாகப் பேசினாள். தொழில் சுத்தம்.

"கையைத் தூக்கிட்டேனே, டைரக்டரே."

அவன் நிறுத்தும் பட்டனை அழுத்தினான். இன்னொரு முறை. படம் நிற்கவில்லை. எழுந்து கதவைத் தள்ளினான். தடித்த கதவு, அசையவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. ஜில்லென்று. ஏரித் தண்ணீர். கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தான். அந்தப் பக்கம் ஒரு சொட்டு ஈரமில்லை.

இடுப்பு கனத்தது.

தொட்டுப் பார்த்தான். ஈயம்.

"கட்!" என்று கத்தினான். "கட்! கட்!"

தண்ணீர் வாயை மூடியது. அப்புறம் கண்ணை.

மங்கலான கண்ணாடி வழியாகத் திரை தெரிந்தது. அதில் இப்போது அவள் இல்லை. பச்சைத் தண்ணீரில் அவன் முகம், உப்பிய கன்னம், விடாமல் அசையும் உதடுகள். குரல் கொடுப்பவள் அந்த உதட்டையே பார்த்து, ஓர் எழுத்து பிசகாமல், அவன் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். "கட்... கட்..."

அவளுக்குப் பின்னால், அதுவரை காலியாக இருந்த நாற்காலியில், கால்மேல் கால் போட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கூந்தலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் கையைத் தூக்கினான்.

குரல் கொடுப்பவள் திரும்பினாள். "கட் சொல்லலாமா மேடம்?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓடட்டும்."