இடுப்பில் இருந்த வெள்ளி

வயிறு பெருத்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல இந்தக் காலத்துச் சனத்துக்கு ஒரு மிஷின் வேண்டியிருக்கிறது. வேட்டி கட்டும்போதே தெரியாதா? குனிந்து செருப்பு மாட்டும்போது மூச்சு வாங்குகிறதே, அது சொல்லாதா? இதற்கு ஒரு மண்டபம், ஒரு வரிசை, வெறும் வயிறு, ஆளுக்கொரு டோக்கன்...

சூலூர் கல்யாண மண்டபத்தில் அன்று காலை நஞ்சப்பனுக்கு இப்படித்தான் எரிச்சல் ஏறியது. வயது அறுபத்து நான்கு. பெண்சாதி போய் எட்டு வருடம். மகள் நித்யஸ்ரீ அவரைக் கேட்காமலே ஃபோனில் பேர் பதிந்து பஸ் ஏற்றிவிட்டாள். உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொண்டு, யார் யாருக்கு ரத்தப் புற்றுநோய் வருகிறது என்று ஏதோ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பத்து வருடம் பார்க்கப் போகிறார்களாம். பத்து வருடம்... அதுவரை இவர்கள் இருப்பார்களா, நாம் இருப்போமா?

பொழுது போகாமல் பக்கத்து ஆளிடம் தன் பழைய வேலையைச் சொன்னார். லாரி எடை மேடையில் முப்பது வருடம். எடை கூட்டிக் காட்ட லாரிக்காரன் மணலை நனைத்துக் கொண்டுவருவான், டிரைவரும் கிளீனரும் வண்டியிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். எடையில் அவரை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை.

முன்னால் நின்ற பெண் திரும்பி ஒருமுறை பார்த்தாள்.

அந்தக் கண்... நடுமத்தியானத்தில் கிணற்றை எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு வெளிச்சம் ஆடுமே, அப்படி. நஞ்சப்பனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இந்த வயதில் இது என்ன பார்வை?

பேர் கூப்பிட்டபோது தெரிந்தது, பூவாத்தாள். தறிக்குடோனில் துணி மடிக்கிறவள். மிஷின் உடம்புக்குள் லேசாகக் கரண்ட் விட்டு அளக்கும், அதனால் நகை நட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள், அளக்க நின்ற அக்ஷிதா என்ற பெண். மெட்டி இருக்கிறதா என்று கேட்டாள்.

"அது கழண்டு நாலு வருசமாச்சு கண்ணு."

நஞ்சப்பன் தரையைப் பார்த்தார்.

அவர் முறை வந்தது. இடுப்பில் வெள்ளி அரைஞாண். கல்யாணத்தன்று மாமனார் போட்டது, முப்பத்தெட்டு வருடமாகக் கழற்றியதில்லை. ஆம்பளைக்கு அதைக் கழற்றுவது பாடையில் வைக்கிறபோதுதான். மிஷினுக்காகவா சாவது? வேட்டி மடிப்புக்குள் சுருட்டிச் செருகிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு ஏறி நின்றார்.

ஓரமாக உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பூவாத்தாள் நிமிர்ந்தாள்.

"ஏனுங் கண்ணு, அவரு இடுப்புல வெள்ளி மின்னுதுங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது.

"என்ற இடுப்பைப் பார்க்கச் சொல்லி உங்களை ஆருங்க கூப்புட்டா?"

"லாரிக்காரன் ஏமாத்துனா நீங்க புடிப்பீங்க. நீங்க ஏமாத்துனா ஆருங்க புடிக்கறது?"

அவர் இறங்கினார். அளவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். விறுவிறுவென்று வாசலுக்கு வந்தால்... மழை. சடசடவென்று, பஸ் நிறுத்தமே மறைகிற மழை. குடையில்லாமல் அவர் நிற்க, குடையில்லாமல் அவளும் வந்து நின்றாள். சாரலில் அவள் இமையில் ரெண்டு துளி. அவர் பார்க்கவில்லை... பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கோபமா என்று அவள் கேட்டாள். கொழுப்புக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம், எல்லாம் புளுகு என்றார் அவர். அவள் மறுக்கவில்லை. தன் வீட்டுக்காரருக்கு விலா எலும்பை எண்ணலாம், அத்தனை ஒல்லி, அவரையே ரத்தப் புற்றுநோய் எட்டு மாதத்தில் கொண்டுபோய்விட்டது என்றாள்.

"அப்ப ஒல்லிக்கும் வருதில்லீங்க? அப்புறம் எதுக்கு இந்த அளவு?" அப்போதும் விடவில்லை மனிதர்.

"பேரு பதியறப்ப நானும் அதையேதானுங்க இங்கத்த டாக்டரைக் கேட்டேன். கொழுப்பு அதிகமானா சில வகை வர்றதுக்குக் கொஞ்சம் வாய்ப்பு கூட, மத்தது அவங்களுக்கே முழுசாத் தெரியலைன்னாரு. தெரியாதுன்னு சொன்ன டாக்டரை அன்னிக்குத்தான் பார்த்தேன். அதனாலதான் வரிசையில நின்னேன்." அவள் குரல் இறங்கியது. "நாம தப்பா அளந்து குடுத்தா, அவங்களும் தப்பாத்தானுங்க தெரிஞ்சுக்குவாங்க."

முப்பது வருடம் எடை மேடையில் உட்கார்ந்தவர் திரும்பி உள்ளே நடந்தார்.

தூண் மறைவில் நின்று கொக்கியோடு மல்லுக்கட்டினார். கழன்றது. கடிகாரம், சாவி எல்லாம் போடுகிற தட்டு மேசைமேல் இருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, பின்னாலேயே வந்திருந்த பூவாத்தாள் உள்ளங்கையில் வெள்ளியை வைத்தார்.

"தட்டையெல்லாம் நம்ப மாட்டனுங்க."

உடம்புச் சூடு ஆறாத வெள்ளி. அவள் விரல்களை மெல்ல மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்து முழுசாக அரை நாள் ஆகவில்லை, என்னை நம்புகிறாரா இந்த மனுசன்...

அவர் மறுபடி மிஷினில் ஏறி இறங்கினார். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு நிறைய, குறைக்க வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி வர வேண்டும் என்று மிஷின் தாளைக் கொடுத்தாள் அக்ஷிதா. நஞ்சப்பன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தார்.

வெளியே மழை விட்டிருந்தது. பூவாத்தாள் கையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"செத்தாத்தான் கழட்டறதுன்னு நெனச்சிருந்தனுங்க. கழட்டியும் உசுரோட நிக்கறேன்... உங்ககிட்டயே இருக்கட்டும்."

"ஆறு மாசத்துக்குமுங்களா?"

"அத்தனை நாள் தாங்காதுங்க, அம்மணி. நாளைக்கே மகளையும் கூட்டிட்டு உங்க ஊட்டுக்கு வாரேன்." சட்டைப்பைத் தாளை இன்னும் உள்ளே தள்ளினார். "வெள்ளியைக் கேக்கறதுக்கு இல்லீங்க."

அவள் கண்ணில் அந்தக் கிணற்று வெளிச்சம் மறுபடி ஆடியது. அரைஞாணை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்.

"தறிக்குடோனுக்கு எதிர்ச் சந்து, மூணாவது ஊடு. காப்பிக்குச் சக்கரை போட மாட்டேன். அந்தத் தாளை நானும் எட்டிப் பார்த்தனுங்க."

அவருக்குப் பொசுக்கென்று எரிச்சல் வந்தது. எடைக்கல் வைத்து ஒருதரம்கூடச் சரிபார்க்காத மிஷின் அது, அதை நம்பிச் சக்கரையை நிறுத்துவதா என்று சத்தமாகவே முனகிக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நாலு எட்டுக்கு ஒருமுறை அவர் கை வெறும் இடுப்பைத் தொட்டுப் பார்த்தது.