மூன்று சுழி

காலை எட்டு மணிக்குக் கொன்டெய்னரின் கதவைத் திறந்தபோது மொபிசுல் கதவடியில் செத்துக் கிடந்தான். இரும்புத் தரை துருப்பிடித்து ஓர் ஓட்டை விழுந்திருந்தது. வாயை அந்த ஓட்டையில் வைத்திருந்தான்.

சட்டத்தரணி றபீக்கா வந்து சேர ஒன்பது தாண்டிவிட்டது. வந்தாறுமூலைக்கு அப்பால், வாவியோரம், இறால் பண்ணை. கச்சான் காற்று அனலாய் அடித்தது. நேற்றும் அப்படித்தான் அடித்தது.

மொபிசுல் பங்களாதேஷ்காரன். போன வாரம் ஏறாவூரில் அவளுடைய அலுவலகத்துக்கு வந்திருந்தான். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருப்பதைக் கையாலேயே சொல்லி முடித்தான். அவள் முறைப்பாடு அனுப்பினாள். அதற்கான பதில் இப்போது கொன்டெய்னருக்குள் கிடந்தது.

வாசலில் குடிவரவு அதிகாரிகளின் வான் நின்றது. பண்ணையில் மிஞ்சிய இன்னொரு பங்களாதேஷ்காரன் ஷொபிக். விசா முடிந்தவன். இன்றைக்கே அவனை ஏற்றி அனுப்பப் போகிறார்கள். முறைப்பாடு கொடுத்தவர்களையும் சாட்சிகளையும் வழக்கு முடியும்வரை நாடுகடத்தக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி றபீக்கா வருடக்கணக்காகக் கொழும்புக்கு அலைகிறாள். வரி வரவில்லை. வான் வந்துவிட்டது.

"தானா எதையாவது குடிச்சுச் செத்த சாவெண்டா நான் அவனை மறிக்க ஏலாது, பிள்ள," என்றார் கனகசிங்கம். திடீர் மரண விசாரணை அதிகாரி. முன்பு தமிழ் வாத்தியார். "கொலையெண்டா அவன் சாட்சி. நீதவான் மறிப்பார். எனக்கு ஏதாவது காட்டுங்க."

பண்ணை முதலாளி அப்துல் மஜீத் ஹாஜியார் வெள்ளைச் சாரனில் வந்தார். அவளுடைய ஊர்க்காரர். வாப்பாவின் கூட்டாளி.

"வாங்க மகள். இந்த வெயிலுக்குள்ள ஏன் வந்தீங்க?" என்றவர் திரும்பி அதட்டினார். "ஏய் ஷொபிக்! பானி ஆனோ!"

ஷொபிக் தட்டில் தண்ணீர் கொண்டுவந்தான். கனகசிங்கம் குடித்தார். றபீக்கா தொடவில்லை.

"இவனுக்குத் தமிழ் தெரியாதே. எப்படி விசாரிக்கிற?" என்றார் கனகசிங்கம்.

"நான் இருக்கன்தானே. ஜித்தாவில பன்னெண்டு வருசம் இவனுகளோட ஒரே ரூமில கிடந்தவன். இவனுகள்ட பாசை எனக்குத் தண்ணி பட்ட பாடு."

கனகசிங்கம் அவரையே மொழிபெயர்ப்பாளராகப் பதியச் சொன்னார். ஹாஜியார் கேட்டார். ஷொபிக் தரையைப் பார்த்தபடி நீளமாக ஏதோ சொன்னான்.

"மொபிசுல் வெறிக்கு இருமல் பாணி குடிக்கிறவனாம்," என்றார் ஹாஜியார். "நேற்று ஷொபிக் என்னோட கல்குடாவில. இங்க நடந்தது அவனுக்குத் தெரியாதாம்."

"அவ்வளவு நீளமாச் சொன்னது இவ்வளவுதானா?"

"அழுதான் மகள். அழுகையையுமா மொழிபெயர்க்கிற?"

கொன்டெய்னருக்குள் கிடைத்தது ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல் மட்டும். இருமல் பாணி. காலி. கொன்ஸ்டபிள் எழுதியதைக் கனகசிங்கம் சிவப்புப் பேனையால் திருத்தினார். "மருந்துப் பாணிக்கு மூண்டு சுழி ண, தம்பி. எத்தனை தரம் சொல்ற?"

றபீக்கா போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். கடுதாசி லேபல் இரண்டு பக்கமும் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் துரு. மேலே, கூரையை ஒட்டி, ஒரு காற்றுத் துவாரம். அதில் துருப்பிடித்த கம்பிகள். ஒரு கம்பியில் லேபலின் துண்டு ஒட்டியிருந்தது.

அவள் வெளியே வந்தாள். காவலாளி யோகராசா பைப்படிக்குச் சற்றுத் தள்ளி நின்றார். ஐம்பது வயதிருக்கும்.

"நேற்று இங்க யார் நிண்டது?"

"நான் மட்டும்தான், மெடம்."

"கதவு பூட்டியிருந்திச்சா?"

யோகராசா ஹாஜியாரைப் பார்த்தார். "இல்ல."

"பாணி வாங்கிக் குடுத்தது யார்?"

"நான்தான்."

"கதவு திறந்து கிடந்தா, மேல ஏறிப் போத்தலைக் கம்பிக்குள்ளால ஏன் நெருக்கினீங்க?"

யோகராசா மறுபடி ஹாஜியாரைப் பார்த்தார்.

"பூட்டுத் திறப்பு யார்ட்ட?"

"ஹாஜியார்ட்ட," என்றார். "முந்தநாள் பின்னேரம் பூட்டினார். உங்கட கந்தோருக்குப் போனானாம், அதுக்கு. புத்தி வரட்டும் எண்டார். பூட்டினது எனக்குச் சரியாப் படல்ல, மெடம். ஆனா நான் கூலிக்காரன்."

"பொய்!" என்றார் ஹாஜியார். "இவன்தான் பாணியக் குடுத்துச் சாகடிச்சவன்."

"ஒரு போத்தல் இருமல் பாணி ஆளைக் கொல்லாது, ஹாஜியார். யோகராசா அண்ணன், மொபிசுல் இருமினானா?"

"இல்ல."

"பிறகேன் பாணி?"

"அவன்தான் கேட்டான். தகரத்தில அடிச்சு அடிச்சுக் கேட்டான். தமிழ்லயே கேட்டான், மெடம். பாணி, பாணி எண்டு."

றபீக்கா ஷொபிக்கைக் கைகாட்டி வரவழைத்தாள்.

"அவன் கேட்ட மாதிரியே சொல்லுங்க. ஷொபிக்கைப் பார்த்து."

யோகராசா தயங்கினார். பிறகு தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு சொன்னார். "பாணி… பாணி…"

ஷொபிக் அவரை வெறித்துப் பார்த்தான். பைப்படிக்கு ஓடினான். ஒரு கோப்பையை நிறைத்துக்கொண்டு வந்து யோகராசாவிடம் நீட்டினான்.

கோப்பை தளும்பி யோகராசாவின் காலில் கொட்டியது.

"தண்ணியா?" என்றார் யோகராசா. "தண்ணியா கேட்டான்? பைப் இந்தா கிடக்கே, மெடம். ஹோஸை இழுத்து அந்தக் கம்பிக்குள்ளால விட்டிருப்பனே. இந்தா கிடக்கே!"

அவர் அப்படியே குந்திவிட்டார்.

"பாசை விளங்காத கோளாறு," என்றார் ஹாஜியார் மெதுவாக. "அல்லாஹ்ட நாட்டம். யார்லயும் பிழையில்ல."

"இருக்கு," என்றாள் றபீக்கா. "யோகராசா அண்ணன், அவன் கேட்டதை வேற யாருக்கும் சொன்னீங்களா?"

"ஹாஜியாருக்குக் கோல் எடுத்தன். பொடியன் பாணி பாணி எண்டு கத்துறான், சுகமில்ல போல, திறப்பைக் குடுத்தனுப்புங்க எண்டன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சார். பிறகு, பாணி கேட்டா பாணியக் குடு, எண்டார்."

றபீக்கா கனகசிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"சேர், இந்தச் சிரிப்பை எழுதிக்கொள்ளுங்க. சுகமில்லாதவன் மருந்து கேட்டா யாருக்குச் சிரிப்பு வரும்? ரெண்டு பாசையும் தெரிஞ்ச ஆளுக்குத்தான் அது பகிடி. யோகராசாவுக்கு ஒரு பாசைதான் தெரியும். அதனால அவர் மருந்து வாங்கப் போனார். இவருக்கு ரெண்டும் தெரியும். மொபிசுல் தண்ணிக்குக் கத்துறான் எண்டு விளங்கித்தான் சிரிச்சார். திறப்பு இவர்ட மடியில கிடந்திச்சு."

"எனக்கு அந்தச் சொல்லு ஞாபகமில்ல. பழைய கதை அது."

"ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால எங்களுக்குப் பானி கொண்டுவரச் சொன்னது யார்? சேர் அதைத்தான் குடிச்சார்."

கனகசிங்கம் தன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மகள்," என்றார் ஹாஜியார். குரல் தணிந்திருந்தது. "நம்மட ஊர். உன்ட வாப்பாட முகத்துக்காகவாவது…"

"நம்மட ஊர்ப் பிள்ளையை றியாத்தில வீட்டுக்காரன் பூட்டி வெச்ச நேரம் ஊர்வலத்துக்கு முன்னால நிண்டது யார்? மைக்கைப் பிடிச்சு அழுதது யார்? அந்த அழுகைய நான் நம்பினன், ஹாஜியார். அண்டைக்குத்தான் நான் சட்டம் படிக்கிற எண்டு முடிவெடுத்தது."

கொன்ஸ்டபிள் ஹாஜியாரின் அருகே போய் நின்றான். கனகசிங்கம் வாசலுக்குப் போய் அதிகாரிகளோடு கதைத்தார். ஷொபிக் கொலைச் சாட்சி, நீதவானிடம் போகிறான், வேறு மொழிபெயர்ப்பாளர் வருவார், அவன் நீளமாகச் சொன்னதை முழுதாகக் கேட்க வேண்டும். வான் ஆளில்லாமல் திரும்பியது. இந்த ஒருவனுக்கு மட்டும். சட்டத்தில் அந்த வரி இன்னும் இல்லை.

கனகசிங்கம் மேசைக்கு வந்து யோகராசாவின் வாக்குமூலத்தை வாசித்தார். ஓரிடத்தில் நின்றார்.

"'இறந்தவர் பாணி கேட்டுக் கத்தினார்.' மூண்டு சுழி."

"பிழை, சேர்."

"யோகராசாவுக்கு அப்படித்தானே கேட்டிச்சு?"

"அதை அப்படியே விடுங்க. அதுக்குக் கீழ, இறந்தவர் கேட்டதை எழுதுங்க. ரெண்டு சுழி."

அவர் சிவப்புப் பேனையை எடுத்தார். இரண்டு சுழி போட்டு எழுதினார். அவரது கை நின்றது.

"பக்கத்தில தண்ணீர் எண்டு போடவா?"

"போடுங்க," என்றாள் றபீக்கா. "பெரிசாப் போடுங்க."